தொட்டிலும் டாக்டர் பட்டமும்

(நமது டிரஸ்டின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை. கூட்டத்துக்கு வர இயலாத உறுப்பினர்கள் கேட்டுக்கொண்டதால் இங்கே எழுத்தில் தரப்படுகிறது.)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



ஆண்டறிக்கை அச்சாகி உங்கள் கைக்கு வந்துவிட்டது. வரவு செலவைப் பொருளாளர் வாசித்துவிட்டார். அதையே நானும் திருப்பிப் படித்தால், சமையல்கட்டிலிருந்து வரும் வாசனைதான் ஜெயிக்கும். எனக்கு ஒதுக்கிய நேரத்தில் ஒரு கணவன் மனைவியைப் பற்றிச் சொல்கிறேன். ஏன் சொல்கிறேன் என்பது கடைசியில் தெரியும். இன்றைய நிகழ்ச்சி நிரலில் ஏழாவதாக இருக்கும் தீர்மானத்துக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு.

2006-ஆம் ஆண்டு. கராச்சியில் ஐ.பி.ஏ. என்று ஒரு கல்வி நிறுவனம். வணிக நிர்வாகம் கற்றுக்கொடுப்பதற்காக 1955-இல் தொடங்கியது. அமெரிக்காவின் வார்ட்டன் கல்லூரியின் துணையோடு ஆரம்பித்தார்கள். பெரிய கம்பெனிகளின் மேனேஜர்களும் வங்கி அதிகாரிகளும் படித்து வெளியே வருகிற இடம். பட்டம் வழங்கும் உரிமை பெற்ற அந்த நிறுவனம், அந்த ஆண்டு ஒரு முதியவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. பள்ளிப் படிப்பையே முழுதாக முடிக்காதவர். முரட்டுத் துணியில் ஒரு சல்வார் கமீஸ், தலையில் ஒரு தொப்பி, நீண்ட வெள்ளைத் தாடி. தேவைப்பட்டால் தெருவில் நின்று கையேந்தி நன்கொடை வாங்குபவர். லாபக் கணக்கு சொல்லித்தரும் இடம், ஒரு பைசா லாபம் பார்க்காதவரை டாக்டர் ஆக்கியது. நான்கு வருடம் கழித்து, 2010-இல், இங்கிலாந்தின் பெட்ஃபோர்ட்ஷயர் பல்கலைக்கழகமும் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் வழங்கியது.

அவர்தான் அப்துல் சத்தார் எதி. உங்களில் பலருக்குத் தெரிந்த பெயர்.

அவரை மக்கள் அன்பாக 'மௌலானா' என்று கூப்பிடுவார்கள். அவருக்கு அது பிடிக்காது. நான் மதரஸாவில் ஓதியவன் அல்ல, எனக்கு எதற்கு அந்தப் பட்டம் என்பார். டாக்டர் என்று அழைத்தால் ஏற்றுக்கொள்வார், ஏனென்றால் அது அவருடைய சேவைக்காகக் கொடுத்தது. நம் பக்கத்தில் நாலு சூரா மனப்பாடம் ஆனதும் பெயருக்கு முன்னால் என்ன போடலாம் என்று யோசிக்கிறவர்கள் உண்டு. ஏழு வருடம் ஓதிவிட்டு, பிறகு பி.காம். படித்த எனக்கே நோட்டீஸில் என் பெயரை எப்படிப் போட்டிருக்கிறார்கள் என்று ஒரு கண் பார்க்கத் தோன்றுகிறது. அல்லாஹ் மன்னிக்கட்டும்.

எதி பிறந்தது நம் இந்தியாவில்தான். குஜராத்தின் கத்தியவார் பகுதியில் பாண்ட்வா என்ற ஊர். 1928-இல் ஒரு மேமன் குடும்பத்தில் பிறந்தார். மேமன்கள் வியாபாரச் சமூகம் என்பது உங்களுக்குத் தெரியும். சிறு வயதில் பள்ளிக்குப் போகும்போது அவருடைய தாயார் இரண்டு பைசா கொடுப்பாராம். ஒன்று உனக்கு, ஒன்று இல்லாதவனுக்கு. மாலையில் அந்த இரண்டாவது பைசா எங்கே போனது என்று கணக்குக் கேட்பாராம். அவருக்குப் பதினொரு வயதானபோது அந்தத் தாயாரைப் பக்கவாதம் சாய்த்துவிட்டது. குளிப்பாட்டுவது, உடை மாற்றுவது, ஊட்டுவது எல்லாம் இந்தப் பையன்தான். படிப்பு அதோடு போயிற்று.

1947-இல் குடும்பம் கராச்சிக்குப் போனது. தெருவில் சில்லறைச் சாமான் விற்றார், ஜவுளிச் சந்தையில் கமிஷன் ஏஜண்டாக இருந்தார். தம் சமூகத்தார் நடத்திய ஒரு மருந்தகத்தில் தொண்டு செய்யப் போனார். மேமன்களுக்கு மட்டும்தான் மருந்து என்று அங்கே ஒரு வழக்கம் இருந்தது அவருக்கு ஒப்பவில்லை. கேள்வி கேட்டார், வெளியே வந்தார். 1951-இல் மிட்டாதர் என்ற நெரிசலான பகுதியில் ஒரு சின்ன இடத்தில் சொந்தமாக மருந்தகம் தொடங்கினார். இரவில் நோயாளி வந்தால் எழுப்பட்டும் என்று வாசலில் கிடந்த சிமெண்ட் பெஞ்சிலேயே படுத்துக்கொள்வார். 1957-இல் கராச்சியில் ஃப்ளூ காய்ச்சல் பரவியபோது நகரத்தில் கூடாரம் போட்டு மருந்து கொடுத்தார். அதைப் பார்த்து ஒரு வியாபாரி பெருந்தொகை கொடுத்தார். அதில் வாங்கிய பழைய வேன்தான் முதல் ஆம்புலன்ஸ். பின்னாளில் உலகத்திலேயே மிகப் பெரிய தன்னார்வ ஆம்புலன்ஸ் சேவை என்று கின்னஸ் புத்தகம் பதிந்தது இந்த ஒற்றை வேனிலிருந்து வளர்ந்ததைத்தான்.

இதுவரை சொன்னது எல்லாரும் சொல்கிற கதை. பயான்களில் கேட்டிருப்பீர்கள், வாட்ஸ்அப்பில் வந்திருக்கும். இனி நான் சொல்ல வந்தது.

1965-இல் அந்த மருந்தகத்தில் நர்ஸாக ஓர் இளம் பெண் சேர்ந்தார். பெயர் பில்கிஸ். அந்தக் காலத்தில் அங்கே நர்ஸ் வேலைக்கு வந்தவர்கள் பெரும்பாலும் கிறிஸ்தவ, இந்துப் பெண்கள். முஸ்லிம் வீட்டுப் பெண்கள் வருவது அபூர்வம். ஆறு மாதப் பயிற்சியில் பிரசவம் பார்ப்பதும் அடிப்படை வைத்தியமும் கற்றுக்கொண்டார். அவருடைய திறமையைப் பார்த்து நர்ஸ்களுக்கான பிரிவை நடத்தும் பொறுப்பை எதி அவரிடமே கொடுத்தார். அதன் பிறகுதான் பெண் கேட்டார். இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும். முதலில் பொறுப்பு, அப்புறம் நிக்காஹ். 1966-இல் கல்யாணம்.

நிக்காஹ் முடிந்த கையோடு இருவரும் மருந்தகத்துக்கு வந்தால், அங்கே தலையில் அடிபட்ட ஒரு சிறுமி. உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். ரத்தம் ஏற்றுவதைப் பார்த்துக்கொள்வதும், பதறி நின்ற சொந்தக்காரர்களுக்கு ஆறுதல் சொல்வதுமாகப் புது மாப்பிள்ளை பொண்ணுக்கு அந்த இரவு கழிந்தது. அந்தச் சிறுமி பிழைத்தாள். பல வருடம் கழித்து எதி அதை நினைவுகூர்ந்தபோது, அவளுக்குக் கல்யாணமாகிப் பிள்ளைகளும் பிறந்துவிட்டன, அந்த நேரம் போனதில் எனக்கு வருத்தமில்லை என்றாராம். பில்கிஸ் அம்மையாரிடம் யாராவது கேட்டார்களா என்று எனக்கு ஒரு சந்தேகம். ஆனால் அவர் அதன்பின் ஐம்பத்தைந்து வருடத்துக்கு மேல் அதே வேலையில் இருந்தார். அதுவே பதில்தான்.

பிரசவ விடுதி, நர்ஸ் பயிற்சி, கைவிடப்பட்ட பெண்களுக்கான இல்லம், அனாதைப் பிள்ளைகள், தத்துக் கொடுப்பது என்று பெண்களும் குழந்தைகளும் சம்பந்தப்பட்ட அத்தனையும் அவர் கையில். எதி மையங்களின் வாசலில் தொட்டில் தொங்கும். பிள்ளையைக் கொல்ல வேண்டாம், குப்பையில் போட வேண்டாம், இதில் விட்டுவிட்டுப் போங்கள் என்று அறிவிப்பு இருக்கும். விட்டுப் போகிறவரை யாரும் பின்தொடர மாட்டார்கள், பெயர் கேட்க மாட்டார்கள். அந்தப் பிள்ளைகளை எடுத்து, குளிப்பாட்டி, வைத்தியம் பார்த்து, பிள்ளையில்லாத தம்பதிகளை அழைத்து, விசாரித்து, யார் மடியில் எந்தப் பிள்ளை என்று முடிவு செய்தது பில்கிஸ் அம்மையார். பல்லாயிரம் பிள்ளைகள். எதி மறைந்தபோது, ஏறக்குறைய 20,000 பிள்ளைகளுக்குத் தந்தை அல்லது காப்பாளர் என்று அவர் பெயர் பதிவாகியிருக்கிறது எனப் பத்திரிகைகள் எழுதின. பதிவேட்டில் அவர் பெயர். நடுராத்திரியில் எழுந்து பால் கரைத்தவர்களின் பெயருக்கு அந்தப் பதிவேட்டில் கட்டம் கிடையாது.

அந்தத் தொட்டிலுக்கு எதிர்ப்பு வந்தது. தப்பான உறவுக்கு இது வசதி செய்து கொடுக்கிறது என்று சில உலமாக்கள் கண்டித்தார்கள். அவர்கள் கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் வறுமைக்குப் பயந்து பிள்ளையைக் கொல்வதைக் குர்ஆன் எவ்வளவு கடுமையாகத் தடுக்கிறது என்பதும் ஹஜ்ரத்மார்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். தொட்டிலில் கிடக்கும் பிள்ளை எந்தப் பாவத்தையும் செய்யவில்லை.

இங்கே என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்லித்தான் ஆக வேண்டும். இத்தனை வருடம் இதை எந்த மேடையிலும் சொன்னதில்லை.

நாங்கள் மதரஸாவில் ஓதும்போது ஃபிக்ஹில் 'லகீத்' என்று ஒரு பாடம் வரும். கேட்பாரற்றுக் கிடக்கும் குழந்தையைப் பற்றிய சட்டம். ஷாஃபிஈ மத்ஹபில் அதை எடுப்பது ஃபர்ளு கிஃபாயா. ஊரில் ஒருவர் எடுத்தால் எல்லார் கடமையும் தீர்ந்தது, ஒருவரும் எடுக்காவிட்டால் ஊரே குற்றவாளி. ஹனஃபியில் எடுப்பது விரும்பத்தக்கது, விட்டால் உயிர் போய்விடும் என்றால் வாஜிப். உமர் ரலியல்லாஹு அன்ஹு அவர்கள் காலத்தில் இப்படி ஒரு பிள்ளையை ஒருவர் எடுத்து வந்தபோது, அதன் செலவை பைத்துல்மால் ஏற்றுக்கொண்டது. இதையெல்லாம் நான் பரீட்சையில் எழுதி நல்ல மார்க் வாங்கியவன்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன் ஒரு ரமளான். ஸஹர் முடிந்து சுபுஹுக்கு வந்தோம். பள்ளிவாசலின் வெளிமுற்றத்தில், செருப்பு வைக்கும் தட்டின் கீழே, பழைய துப்பட்டாவில் சுற்றிய ஒரு பச்சைப் பிள்ளை. பத்துப் பதினைந்து பேர் சுற்றி நின்றோம். யாருடையது, எந்தத் தெரு, சி.சி.டி.வி. இருக்கிறதா, தொட்டால் கேஸ் வருமா என்று ஆளுக்கொரு பேச்சு. எல்லாரும் ஓதியவன் என்று என் முகத்தைப் பார்த்தார்கள். நான் சொன்னது இதுதான்: "யாரும் தொட வேண்டாம். முதலில் போலீசுக்குச் சொல்வோம்." பிள்ளை அழுதுகொண்டே இருந்தது. நாங்கள் போன் செய்துகொண்டே இருந்தோம். தெருமுனையில் இடியாப்பம் விற்கும் அம்மா சத்தம் கேட்டு வந்தார். எங்கள் தோளை விலக்கிக்கொண்டு குனிந்து பிள்ளையைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டார். "பிள்ள வெறச்சுக் கெடக்கு, நின்னு என்ன பேச்சுப் பேசுறீங்க?" என்றார். அவ்வளவுதான். எங்களில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஃபர்ளு கிஃபாயாவை நிறைவேற்றியது லகீத் என்ற வார்த்தையையே கேட்டிராத ஒரு பெண்.

பிள்ளை பிழைத்தது, அல்ஹம்துலில்லாஹ். முறைப்படி அரசாங்கக் காப்பகத்துக்குப் போனது. நான் அன்றைய சுபுஹில் என்ன சூரா ஓதினார்கள் என்பதைக்கூடக் கேட்கவில்லை.

இதைக் கேட்கும் உங்களுக்கு நடைமுறை விஷயம் ஒன்றும் தெரிந்திருக்க வேண்டும். நம் நாட்டில் இப்படி ஒரு பிள்ளையைக் கண்டால் தூக்குவதற்கு யாரும் பயப்பட வேண்டியதில்லை. எடுங்கள், சூடு கொடுங்கள், ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள், 1098 என்ற எண்ணுக்குச் சொல்லுங்கள். 24 மணி நேரத்துக்குள் தகவல் தர வேண்டும் என்பதுதான் சட்டம். தகவல் சொல்லாமல் நாமே வைத்துக்கொள்வதுதான் குற்றம். நம் தமிழ்நாட்டில் 1992-இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் உங்களுக்கு நினைவிருக்கும். பெற்ற தாயே வளர்க்க முடியாத நிலையில் இருந்தால் குழந்தைகள் நலக் குழுவிடம் முறைப்படி ஒப்படைக்கலாம். மறுபடி யோசித்துத் திரும்ப வாங்கிக்கொள்ள இரண்டு மாத அவகாசமும் உண்டு. உங்கள் வீட்டில் வேலைக்கு வரும் பெண்ணுக்கோ, தெரிந்த பெண்ணுக்கோ இதைச் சொல்லிவையுங்கள். எங்காவது ஒரு உயிர் மிஞ்சும். எடுத்து வளர்க்கும் பிள்ளைக்குப் பெற்ற தகப்பன் பெயரை மறைப்பது கூடாது என்ற மார்க்கச் சட்டம், பால்குடி உறவு, வாரிசுரிமைக்குப் பதில் வஸிய்யத் இவற்றையெல்லாம் பற்றி ஹஜ்ரத் அவர்கள் தனியாக ஒரு நாள் பேச ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். நான் அதில் நுழையவில்லை.

எதி தம்பதியிடம் திரும்புகிறேன். மையத்து வேலையைச் சொல்லாமல் அவர்கள் கதை முடியாது. கராச்சியில் கடலில் ஒதுங்கியது, சாக்கடையில் கிடந்தது, கலவரத்தில் விழுந்தது, அழுகிப் போய் யாரும் கிட்ட நெருங்காதது, அத்தனை உடல்களையும் எதி தம் கையால் எடுத்துக் குளிப்பாட்டியிருக்கிறார். அவற்றுக்காகத் தனியாகக் கபர்ஸ்தானே வைத்திருந்தார்கள். இந்துவையும் கிறிஸ்தவரையும் உங்கள் ஆம்புலன்ஸ் ஏன் ஏற்றுகிறது என்று கேட்டவரிடம், என் ஆம்புலன்ஸ் உங்களைவிட நல்ல முஸ்லிம் என்று பதில் சொன்னாராம். பெண் மையத்தை யார் குளிப்பாட்டுவது? பெண்கள்தான். அந்த அறையின் கதவு மூடியிருக்கும். போட்டோ எடுக்க முடியாது, எடுக்கவும் கூடாது. அதனால் அந்த வேலை செய்தவர்களை உலகம் பார்த்ததே இல்லை.

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. எதி தம் அறக்கட்டளையிலிருந்து சம்பளம் எடுக்கவில்லை. அலுவலகத்தை ஒட்டிய சின்ன இடத்தில் குடும்பம். நாலு பிள்ளைகளையும் பில்கிஸ் அம்மையார் அப்படித்தான் வளர்த்தார். மாற்றிக் கட்ட இரண்டு ஜோடித் துணி. பக்ரீதில் மக்கள் கொடுக்கும் குர்பானித் தோல் அவர்களுக்கு முக்கியமான வருமானம். (தோல் விலை இப்போது நமக்கு எப்படி இருக்கிறது என்பதைப் பொருளாளர் சொல்லிவிட்டார். ஆட்டோ வாடகைக்குக் கட்டவில்லை.) 2005-இல் அமெரிக்காவைக் கத்ரீனா புயல் தாக்கியபோது அங்கிருந்தவர்களுக்காக 1,00,000 டாலர் அனுப்பினார்கள், கராச்சியில் பிச்சை எடுத்துச் சேர்த்த காசில். 2014 அக்டோபரில் மிட்டாதர் அலுவலகத்துக்குள் துப்பாக்கியோடு கொள்ளையர்கள் புகுந்து தங்கமும் ரொக்கமும் எடுத்துப் போனார்கள். மக்கள் நம்பிப் பாதுகாக்கக் கொடுத்த பொருளும் அதில் இருந்தது. எண்பத்தாறு வயதில் அந்த மனிதர் படுக்கையில் இருக்கும்போது நடந்தது. அமானத்தைக் காப்பது எவ்வளவு பெரிய பாரம் என்பது பொருளாளராக இருந்தவர்களுக்குத் தெரியும்.

கீதாவின் கதை உங்களில் பலருக்குத் தெரியும், அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். வாய் பேசாத, காது கேளாத இந்தியச் சிறுமி ஒருத்தி வழிதவறி லாகூர் போய்ச் சேர்ந்தாள். எதி மையத்துக்கு வந்தவளுக்கு முதலில் ஃபாத்திமா என்று பெயர் வைத்தார்கள். அவள் கை கூப்புவதையும் வணங்குவதையும் பார்த்துப் பில்கிஸ் அம்மையார் புரிந்துகொண்டார். இவள் இந்து வீட்டுப் பிள்ளை. பெயரைக் கீதா என்று மாற்றினார். கும்பிடுவதற்குச் சாமிப் படங்களும் வாங்கிக் கொடுத்தார். பத்து வருடத்துக்கு மேல் அந்த வீட்டில் கீதா கீதாவாகவே வளர்ந்தாள். 2015 அக்டோபர் 26 அன்று தில்லிக்கு அவளை அழைத்து வந்தவர்களில் பில்கிஸ் அம்மையாரும் ஒருவர். நம் பிரதமர் எதி அறக்கட்டளைக்கு ஒரு கோடி ரூபாய் அறிவித்தார். எதி மரியாதையாக நன்றி சொல்லி, வேண்டாம் என்றார். அரசாங்கங்களிடம் பணம் வாங்குவதில்லை என்பது அவர் கொள்கை. இதில் நான் ரசிப்பது அந்த ஒரு கோடியை மறுத்ததை அல்ல. மறுப்பது ஒரு நிமிட வேலை. தன் வீட்டில் தன் சோற்றைத் தின்று வளரும் பிள்ளையின் மார்க்கத்தில் கை வைக்காமல் பத்து வருடம் இருப்பதுதான் கஷ்டம்.

இப்போது விருதுகளைப் பாருங்கள். 1986-இல் மணிலாவில் கொடுக்கப்படும் மகசேசே விருது, பொதுச் சேவைக்காக, இருவர் பெயரிலும் சேர்ந்து வந்தது. அந்த ஒன்றைக் கொடுத்தவர்கள் சரியாகப் பார்த்திருக்கிறார்கள். 1988-இல் லெனின் அமைதிப் பரிசு அவருக்கு. 1989-இல் பாகிஸ்தானின் நிஷானே இம்தியாஸ் அவருக்கு. 2000-இல் பால்சான் பரிசு அவருக்கு. 2006-இல் ஐ.பி.ஏ. டாக்டர் பட்டம் அவருக்கு, 2010-இல் பெட்ஃபோர்ட்ஷயர் அவருக்கு. மறைந்த பிறகு 2017-இல் 50 ரூபாய் நாணயம் வெளியிட்டார்கள், அதிலும் அவர் முகம் மட்டும். பில்கிஸ் அம்மையாருக்கு ஒன்றுமே இல்லை என்று சொல்லவில்லை. ஹிலாலே இம்தியாஸ் கொடுத்தார்கள். 'பாகிஸ்தானின் தாய்' என்றார்கள். ஆனால் பட்டமளிப்பு மேடையில் அங்கி போட்டு நின்றவர் ஒருவர்தான்.

எதியை நான் குறை சொல்லவில்லை. அவர் செய்ததில் ஒரு சதவீதம் நாம் செய்யவில்லை. நான் சொல்வது கொடுக்கிறவர்களின் பழக்கம். வீட்டுக்கு வெளியே நடக்கும் வேலை கண்ணில் படுகிறது, உள்ளே நடக்கும் வேலை படவில்லை. அந்த ஐ.பி.ஏ. பட்டம் ஒரு தனி மனிதருக்கா கொடுக்கப்பட்டது? தொட்டிலை எடுத்துவிட்டு அந்த அறக்கட்டளையை நினைத்துப் பாருங்கள். வேனும் ஸ்ட்ரெச்சரும்தான் மிஞ்சும்.

2013-இல் அவருக்குச் சிறுநீரகம் பழுதானது. வெளிநாட்டுக்கு அழைத்துப் போகிறோம் என்று பெரிய இடத்திலிருந்து சொன்னார்கள். வேண்டாம், என் நாட்டு அரசு ஆஸ்பத்திரி போதும் என்றார். 2016 ஜூலை 8, நோன்புப் பெருநாள் முடிந்து இரண்டு நாள், வெள்ளிக்கிழமை இரவு வஃபாத் ஆனார். கண்களைக் கொடுத்துவிட்டுப் போனார். கண் தானம் பற்றி உலமாக்களிடையே இரு கருத்து உண்டு, செய்தியைச் செய்தியாகச் சொல்கிறேன். கால் நூற்றாண்டுக்கு முன்னால் தாமே தோண்டி வைத்திருந்த கபரில் அடக்கினார்கள். அதன்பின் ஆறு வருடம் பில்கிஸ் அம்மையார் மகனோடு சேர்ந்து அதே வேலையைத் தொடர்ந்தார். 2022 ஏப்ரல் 15, ரமளான் மாதம், அதுவும் வெள்ளிக்கிழமை, அவரும் போய்ச் சேர்ந்தார். அல்லாஹ் இருவருடைய கபரையும் விசாலமாக்குவானாக. ஆமீன்.

இனி நம் வீட்டுக் கதை. ஏழாவது தீர்மானம்.

நம் டிரஸ்டின் ஜனாஸாக் குழு எத்தனை வருடமாக வேலை செய்கிறது என்பது அறிக்கையில் இருக்கிறது. பெண் மையத்துகளைக் குளிப்பாட்ட ஒன்பது சகோதரிகள் இருக்கிறார்கள். கொரோனா நேரத்தில், சொந்த மகளே உள்ளே வரப் பயந்த வீடுகளுக்கு இவர்களில் நாலு பேர் போனார்கள். அறிக்கையில் அவர்களுக்கு எத்தனை வரி என்று பாருங்கள். அரை வரி. 'மகளிர் பிரிவும் ஒத்துழைத்தது.' எழுதியது நான்தான்.

போன வருடம் ஒரு மழை இரவு. அரசு ஆஸ்பத்திரியில் ஓர் அம்மா மவுத். சொந்தக்காரர்கள் யாரும் இல்லை. பெண்ணுக்குக் கபன் ஐந்து துணி என்பது உங்களுக்குத் தெரியும். கையிருப்புத் துணி தீர்ந்துவிட்டது. கடைக்காரரை எழுப்பி வாங்க வேண்டும், அத்தர், சாம்பிராணி, கற்பூரம் வேறு. நம் விதிப்படி ஐந்நூறு ரூபாய்க்கு மேல் செலவு என்றால் பொருளாளரிடமோ என்னிடமோ கேட்க வேண்டும். இரண்டு பேரும் போனை எடுக்கவில்லை. நான் தூங்கிக்கொண்டிருந்தேன். ஒரு லாத்தா தன் சீட்டுப் பணத்தை எடுத்துக் கொடுத்து வேலையை முடித்துவிட்டார். மறுநாள் வந்து பணம் கேட்கவே இல்லை. பதினைந்து நாள் கழித்து இன்னொரு சகோதரி சொல்லித்தான் தெரிந்தது. அப்போதும் நாம் என்ன கேட்டோம்? பில் இருக்கிறதா என்று கேட்டோம். ராத்திரி ரெண்டு மணிக்கு எழுப்பிய கடைக்காரர் எந்தப் பில்லைக் கொடுப்பார்? மூன்று மாதம் இழுத்து, ஒரு வெள்ளைத்தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு பணத்தைக் கொடுத்தோம். அந்தக் கையெழுத்தை வாங்கப் போனதும் நான்தான். வாசலில் நிற்க வைக்காமல் உட்காரச் சொல்லி டீ கொடுத்தார்கள்.

தீர்மானம் இரண்டு பகுதி. ஒன்று, மகளிர் பிரிவுக்குத் தனி வங்கிக் கணக்கு, ஆண்டுக்கு 50,000 ரூபாய், அவர்களில் இருவர் கையெழுத்தில் எடுக்கலாம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை கணக்குத் தணிக்கை. இரண்டு, செயற்குழுவில் அவர்களுக்கு இரண்டு இடம்.

போன மாதச் செயற்குழுவில் இதற்கு வந்த மறுப்புகளையும் மறைக்காமல் சொல்கிறேன். பெண்களுக்குக் கணக்கு வருமா என்றார் ஒரு பெரியவர். பத்து வீட்டுச் சீட்டு நடத்தி ஒரு ரூபாய் பிசகாமல் பட்டுவாடா செய்கிறவர்களைப் பற்றி அந்தக் கேள்வி. போன வருடம் நம் கணக்கில் 2,340 ரூபாய் எங்கே போனது என்று நாம் மூன்று கூட்டம் தேடினோம் என்பதை அவருக்கு நினைவூட்டினேன். சிரித்துவிட்டார். இரண்டாவது மறுப்பு, கூட்டத்தில் கலந்துகொள்வதில் மார்க்க வரம்பு. அது நியாயமான கேள்வி. ஹஜ்ரத்மார்களிடம் கேட்டோம். இன்று இருப்பதைப் போலத் திரை, ஒலிபெருக்கி, அவர்கள் கருத்தை எழுத்திலும் தரலாம் என்று வழி சொல்லியிருக்கிறார்கள். மூன்றாவது, இதுவரை எல்லாம் நன்றாகத்தானே நடக்கிறது, ஏன் மாற்ற வேண்டும் என்பது. நன்றாக நடப்பதாக நமக்குத் தோன்றுவது, மழை ராத்திரியில் நாம் தூங்கிக்கொண்டிருந்ததால்.

நான்காவதாக ஒரு மறுப்பு, அது திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்தே வந்தது. நாங்கள் அல்லாஹ்வுக்காகச் செய்கிறோம், பதவி எதற்கு, பெயர் எதற்கு என்று ஒரு லாத்தா சொல்லி அனுப்பினார். அவருடைய இக்லாஸுக்கு முன்னால் எனக்குப் பேச்சு வரவில்லை. பொன்னாடை வேண்டாம் என்றால் போர்த்த மாட்டோம். போட்டோவும் வேண்டாம். ஆனால் கபன் துணி வாங்க யாரிடமும் போன் செய்து காத்திருக்க வேண்டாத உரிமை பதவி அல்ல லாத்தா, வேலைக்கான சாமான். அதை மட்டும் தயவுசெய்து வாங்கிக்கொள்ளுங்கள்.

தீர்மானத்தின் நகல் முன்வரிசையில் இருக்கிறது. சகோதரிகள் பக்கம் இருபது நகல் அனுப்பியிருக்கிறோம். அங்கிருந்து வரும் ஓட்டையும் சேர்த்தே எண்ணுவோம் என்று தலைவர் ஒப்புக்கொண்டிருக்கிறார். ளுஹர் பாங்குக்கு இன்னும் பதினைந்து நிமிடம் இருக்கிறது. படித்துப் பாருங்கள், சந்தேகம் இருந்தால் எழுந்து கேளுங்கள். தொழுகை முடிந்ததும் ஓட்டு, அதற்கப்புறம்தான் சாப்பாடு என்று சமையல்காரரிடம் சொல்லியாயிற்று.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.